நின்று பார்த்தவர்கள் கணக்கு

போடிநாயக்கனூரில் ஒரு மனுசன் பெரியாளாக மூன்று வழி உண்டு. மலையில் ஏலக்காய்த் தோட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால், தோட்டம் இருக்கிறவர் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போக வேண்டும். இரண்டும் வாய்க்காதவர்கள் விசிட்டிங் கார்டு அடித்துக்கொள்வார்கள். மாரீஸ்வரன் மூன்றாவது வகை.

அவனுடைய புதுக் கார்டில் 'மாவட்ட வளர்ச்சிக் கூட்டாளி, பளபளா டிஜிட்டல் திரைகள்' என்று தங்க எழுத்தில் இருந்தது. கூட்டாளி என்றதும் கம்பெனியில் பங்கு இருக்கும் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். பங்கு கிடையாது, சம்பளம் கிடையாது, உட்கார நாற்காலி கிடையாது. கடை கடையாக ஏறி இறங்கி, கடை வாசலில் மாட்டுகிற பெரிய விளம்பரத் திரையை விற்க வேண்டும். விற்றால் கமிஷன். விற்காவிட்டால் தினமும் காலையில் போனுக்கு ஓர் உத்வேக வாசகம் வரும். விற்றவனுக்கும் அதே வாசகம்தான். அந்த விஷயத்தில் கம்பெனி பாரபட்சமே பார்க்காது.

இதற்கு முன்னாலும் அவன் சும்மா இருந்ததில்லை. ஊருக்குள் புதுசாக எது வந்தாலும் மாரீஸ்வரன் வீட்டு வாசலை மிதிக்காமல் போனது கிடையாது. கற்றாழை போட்டான். கற்றாழை நன்றாகத்தான் வளர்ந்தது, வாங்குகிறவன்தான் வரவில்லை. சகல நோயும் தீர்க்கும் காந்தப் படுக்கைக்கு ஏஜென்ட் ஆனான். விற்காமல் நின்றுபோன படுக்கை இன்னமும் மொட்டை மாடியில் கிடக்கிறது, அதன்மேல் அவன் பெண்டாட்டி வடகம் காயப்போடுகிறாள். வடகம் நல்ல மொறுமொறுப்பாக வருகிறது, அதையும் சொல்ல வேண்டும் இல்லையா? பிறகு எடை குறைக்கும் பவுடர். விடிந்தால் மலையேறி, அடைந்தால் மலையிறங்குகிற ஜனங்களைப் பார்த்து "எடையைக் குறைங்க" என்று சொன்ன ஒரே ஆள், இந்த ஜில்லாவிலேயே அவனாகத்தான் இருப்பான்.

இத்தனைக்கும் அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததற்குக் காரணம் அவன் பெண்டாட்டி சந்திரவல்லி. ஜீப் ஸ்டாண்டை ஒட்டி அவள் ஒரு டீக்கடை வைத்திருந்தாள். கடைக்குப் பெயர் 'மாரீஸ்வரன் டீ ஸ்டால்'. மாரீஸ்வரன் அங்கே ஒரு நாளும் பால் காய்ச்சியது கிடையாது. ஆனாலும் பெயர்ப்பலகையில் ஆம்பளை பெயர் இருந்தால்தான் லட்சணம் என்று கடை திறந்த அன்றைக்கு முடிவானது. யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டால், எல்லாரும் சேர்ந்துதான். சந்திரவல்லியை மட்டும் கேட்கவில்லை, அவள் அப்போது வடை தட்டிக்கொண்டிருந்தாள்.

கடையின் உயிர் அதிகாலை வியாபாரத்தில் இருந்தது. இருட்டு பிரிவதற்கு முன்னாலேயே தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் வந்து நிற்கும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள், சொன்னால் சட்டம் தாங்காது. கடை முகப்பில் ஆணியில் ஒரு சிலேட்டு தொங்கும். டீ, காபி, வடை, போண்டா, சுசியம், எதிரே விலை, எல்லாம் சந்திரவல்லியின் கோணல் எழுத்தில். ஜீப்பில் உட்கார்ந்தபடியே பெண்கள் அதைப் பார்த்து, முந்தியில் முடிந்த சில்லறையைச் சரியாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் இறங்குவார்கள். பேச்சு இல்லை, பேரம் இல்லை. டிரைவர் சுருளி இரண்டாவது ஆரன் அடிப்பதற்குள் தின்று குடித்து ஏறிவிடுவார்கள்.

அந்த ஜீப் சனத்துக்குத் தலைவி ராக்கு. ஜீப் ஒரு கடையில்தான் நிற்கும், எந்தக் கடை என்பதை ராக்குதான் சொல்லுவாள். ராக்குவின் ஜீப் எங்கே நிற்கிறதோ, பின்னால் வருகிற ஜீப்புகளும் அங்கேயே நிற்கும். எதிர்ச்சாரியில் அன்னக்கொடியும் டீக்கடை வைத்திருந்தாள், அதே பால், அதே தூள். ராக்கு இந்தப் பக்கம் இறங்குகிற வரைக்கும் சந்திரவல்லிக்குச் சோறு. அந்தப் பக்கம் இறங்கினால் அன்னக்கொடிக்குச் சோறு. விஷயம் அவ்வளவுதான்.

இது மாரீஸ்வரனுக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்தான்.

பளபளா கம்பெனியில் பயிற்சி கொடுத்தவர் சிவக்குமார். கோயம்புத்தூர்க்காரர், கோட்டு போட்டுக்கொண்டு போன் திரைக்குள் வருவார். ஆம்பளை பொம்பளை பார்க்காமல் எல்லாரையும் "ஜி" என்பார்.

"மாரீஸ் ஜி, ஒண்ணு புரிஞ்சுக்கோணுங்க. பொருள் விக்கிறது பழைய காலமுங்க. இப்பெல்லாம் ஆளை நிக்க வெக்கோணும். நின்று பார்ப்பவர் வாங்குவார். நம்ம திரைக்கு மேல ஒரு கண்ணு இருக்குதுங்க. எவ்வளவு பேரு, எவ்வளவு நேரம் நின்னாங்கன்னு அது எண்ணி எங்களுக்கு அனுப்பீரும். அந்த நிற்கும் நேரந்தானுங்க உங்க வெற்றி."

"வாங்காம நின்னா?"

"அது அடுத்த வகுப்புலங்க."

அடுத்த வகுப்பு நடக்கவே இல்லை. மாரீஸ்வரன் பைக்கை விற்று மாதிரிக்கு ஒரு திரை வாங்கி, கார்டும் கையுமாகக் கடைவீதிக்கு நடந்தான். இரும்புக்கடைக் கண்ணுச்சாமி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆணி விக்கிறேன் மாப்ளே. ஆணிக்கு என்னத்த சினிமா காட்டச் சொல்ற? மொத உன் பொண்டாட்டி கடையில மாட்டு. அதுக்கு என்ன ஆகுதுன்னு பாத்துட்டு வாங்கிக்கிறேன்." அடுத்த கடையிலும் அதையே சொன்னார்கள். நம்ம ஊரில் சாம்பிள் பார்க்காமல் யாரும் எதையும் வாங்க மாட்டார்கள். ஏலக்காயை ஒரு குத்து அள்ளி, நிறம் பார்த்து, மோந்து, ஒன்றை உரித்து வாயில் போட்டுப் பழகிய கைகள். திரையை மோந்து பார்க்க முடியாது. அதனால் சந்திரவல்லியின் கடையை மோந்து பார்ப்பது என்று கடைவீதி தீர்மானம் செய்தது.

"கத்தாழ போட்டீங்க, நான் ஒண்ணும் கேக்கல," என்றாள் சந்திரவல்லி. "படுக்க வாங்குனீங்க, கேக்கல. கடைய மட்டும் தொடாதீங்க."

"ஒரு கடையாச்சும் மாட்டலன்னா கார்டைப் பிடுங்கிருவாய்ங்க வல்லி."

அவள் கார்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "இதுல எங்கிட்டாச்சும் என் பேரு இருக்கா?"

"உன் பேரு எதுக்கு? நீ என்ன கூட்டாளியா?"

"அதுவுஞ் சரிதான்," என்று கார்டைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் வெயிலில் நடந்து நடந்து கறுத்துப்போயிருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. "மாட்டுங்க. ஆனா ஒண்ணு. ராக்கு ஜீப்பு எதிர்க்கடைக்குப் போச்சுன்னா அன்னைக்கே கார்டைத் தூக்கிப் போட்டுட்டு நீங்க கிளாஸ் கழுவணும். மாவட்டம் அது இதுன்னு மறுபேச்சு பேசப்படாது."

"சத்தியமா," என்றான். கிளாஸ் கழுவுவதா, அவனா, மாவட்ட வளர்ச்சியா! அப்படி ஒரு நிலைமை வரவே வராது என்று அவன் முழு மனசாக நம்பினான். கற்றாழையையும் அப்படித்தான் நம்பினான்.

திரை ஏறியது. சிலேட்டு இறங்கி, பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் போய்ச் சாய்ந்தது. திரையைப் பார்த்தால் அடேயப்பா! போண்டா ஒன்று வானத்திலிருந்து சுழன்றுகொண்டே இறங்கும். ஆவி பறக்கும். பக்கத்தில் விலை தெரியும். விலை சும்மா தெரியாது. கம்பெனி அதற்கு 'எண் ஓட்டம்' என்று பெயர் வைத்திருந்தது. பூஜ்யத்தில் ஆரம்பித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று விறுவிறுவென ஏறிப் பத்தில் வந்து நிற்கும். உடனே அடுத்த படம், வடை, மறுபடி பூஜ்யத்திலிருந்து. கோயம்புத்தூரில் இதைப் பார்த்து எல்லாரும் கை தட்டினார்களாம்.

தட்டியிருப்பார்கள். கோயம்புத்தூரில் ஏலக்காய் ஏலம் கிடையாதே.

நம்ம ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஏல மையத்தில் பெரிய திரை இருக்கும். மூட்டைக்கு எண் வரும், பக்கத்தில் விலை ஏறிக்கொண்டே போகும். வியாபாரிகள் உட்கார்ந்த இடத்திலிருந்து பட்டனைத் தட்டத் தட்ட ஏறும். நிற்கிற வரைக்கும் அது விலையே அல்ல, வெறும் கேள்வி. தோட்டக்காரர் முதல் மூட்டை தைக்கிறவர் வரை ஊரே அந்த எண்ணைப் பார்த்துத்தான் கல்யாணம் பேசுகிறது, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறது, அடிக்காமலும் விடுகிறது. திரையில் ஓர் எண் ஏறினால் போடிக்காரன் என்ன செய்வான்? கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். அவன் பிறப்பு அப்படி.

முதல் நாள் காலையில் ராக்குவின் ஜீப் வந்து நின்றது. பெண்கள் முந்தியை அவிழ்த்தபடி திரையைப் பார்த்தார்கள். போண்டா ஏறியது. நாலு, அஞ்சு, ஆறு. அவிழ்த்த கைகள் அப்படியே நின்றன. பத்தில் நின்றது. சில்லறையை எடுக்கப் போனார்கள். வடை பூஜ்யத்தில் ஆரம்பித்தது. சுசியம் வந்தது, போனது. திரும்பவும் போண்டா, பூஜ்யத்தில்.

"என்ன மதினி, போண்டாவ மறுபடி ஏலத்துக்கு விட்டுட்டீங்க?" என்றாள் ராக்கு.

"ஏலமும் இல்ல, ஒண்ணுமில்ல. போண்டா பத்து ரூவாதான், எடுத்துக்க."

"பத்துன்னா பத்துல நிக்கணும்ல? அது பாட்டுக்கு ஏறுது, எறங்குது. நாங்க பத்து குடுத்து வாங்குன பெறகு ஏழுல முடிஞ்சுச்சுன்னா?"

சுருளி முதல் ஆரன் அடித்தார்.

"ஒண்ணு பண்ணுங்க," என்றாள் ராக்கு. அவள் கோபமாகச் சொல்லவில்லை, நியாயமாகத்தான் சொன்னாள். "வெல முடிஞ்சதும் ஒரு சத்தங் குடுங்க. அதுவரைக்கும் நாங்க அங்கிட்டு ஒரு டீயக் குடிச்சிட்டு வர்றோம்."

ஜீப் சனம் மொத்தமும் எதிர்ச்சாரிக்குப் போனது. அன்னக்கொடியின் சிலேட்டில் விலை அசையாமல் இருந்தது. பின்னால் வந்த ஜீப்புகளும் அங்கேயே நின்றன. சந்திரவல்லி போட்டு வைத்த வடை தட்டில் ஆறியது. சத்தியத்தை அவள் ஞாபகப்படுத்தியதற்கு, விலை முடிந்ததும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று மாரீஸ்வரன் தள்ளிப்போட்டான்.

ஆனால் கடை முன்னால் கூட்டம் குறைந்ததென்று யாரும் சொல்ல முடியாது. தினமும் வெளிச்சம் வர வர வேறு வகை ஜனம் சேர்ந்தது. ஏலக்காய்த் தரகர்கள், தரகருக்குத் தரகர்கள், வீட்டில் சோலி இல்லாதவர்கள், சோலி இருந்தும் போக மனசில்லாதவர்கள். கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். திரைக்கு மேலிருந்த சின்னக் கண் ஒவ்வொருவருக்கும் பச்சையாக மின்னியது.

"நேத்து இந்நேரம் சுசியம் பத்துலதான நின்னுச்சு?"

"இன்னைக்கும் பத்துதான். நாளைக்கு எறங்கும் பாரு. கேரளாவுல மழையாம்."

"சுசியத்துக்கும் மழைக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"எல்லாத்துக்கும் சம்பந்தம் உண்டு தம்பி. பொறுத்துப் பாரு."

ராசிங்காபுரத்திலிருந்து வந்த திருப்பதி என்ற வெங்காயக்காரர் ஒருபடி மேலே போனார். போண்டா ஆறில் ஓடும்போது படக்கென்று கையைத் தூக்கினார். "நான் ஆறுல கேட்டுட்டேன். எனக்கு ஆறுக்குக் குடு ஆத்தா."

"பத்து ரூவாய்ங்க."

"நான் கேக்கும்போது ஆறுதான ஓடுச்சு? எம் மேல எவனும் ஏத்திக் கேக்கலையே! நீங்களே சொல்லுங்கப்பா."

ஊர் நியாயம் முழுவதும் திருப்பதி பக்கம் இருந்தது. அப்புறம் ஆளாளுக்குக் கையைத் தூக்க ஆரம்பித்தார்கள். தூக்கினார்களே தவிர வாங்கவில்லை. இன்னும் இறங்கும் என்று ஒரு நம்பிக்கை.

அந்த வாரத்தில் மாரீஸ்வரனின் போனுக்கு ஒரு சான்றிதழ் வந்தது. பூமாலை, கோப்பை, நடுவில் அவன் போட்டோ. சிவக்குமார் போனிலேயே குதித்தார். "மாரீஸ் ஜி! தென் மண்டலத்துல நீங்கதானுங்க முதலிடம்! மதுரை நகைக்கடைல கூட இத்தனை நேரம் நிக்கிறதில்லீங்க. அப்படி என்னதான் பண்றீங்க?"

மாரீஸ்வரன் சான்றிதழைக் கொண்டுபோய்ப் பெண்டாட்டியிடம் காட்டினான். "பாரு வல்லி, முதலிடம்."

"எதுல?"

"நிக்கிறதுல."

அவள் ஆறிய வடைத் தட்டைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புப் புகை என்று நினைத்துக்கொள்ளலாம் என்றால், அடுப்பு அன்றைக்கு நேரத்திலேயே அணைந்துவிட்டது. படுபாவி, இருந்த ஒரே கடையையும் கெடுத்தேனே என்று மாரீஸ்வரன் தன்னையே திட்டிக்கொண்டான். ஆனாலும் சான்றிதழைப் போனில் முகப்புப் படமாக வைத்தான். முதலிடம் என்றால் முதலிடம்தானே!

"கழட்டிரலாம் வல்லி," என்றான் மறுநாள். அன்றைக்குப் பார்த்துத்தான் பால்ராஜ் வந்தார்.

பால்ராஜ், பலகைகளுக்கு அனுமதி வழங்கும் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். எந்த அலுவலகம் என்று சொல்வது மரியாதை இல்லை. அனுமதி இல்லாத பலகை ஒன்று பொதுமக்களைப் பெருந்திரளாக நிற்கச் செய்வதாக மேலிடத்துக்குத் தெரியவந்ததன்பேரில், அன்னார் நேரில் தணிக்கை செய்யப் புறப்பட்டிருந்தார். வந்தவர் தணிக்கை செய்தார். போண்டா ஒரு சுற்று, வடை ஒரு சுற்று, சுசியம் இரண்டு சுற்று தணிக்கையானது.

"ஏப்பா, இது எத்தன பலகை?"

"ஒண்ணுதான் சார்."

"போண்டா படம் ஒரு பலகை. அது போயி வடை வந்தா வேற பலகை. அந்த எண்ணு இருக்கே, பூஜ்யம் ஒரு பலகை, ஒண்ணு ஒரு பலகை. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி வரைபடம் வேணும்."

"சார், அது நிமிசத்துக்கு நிமிசம் மாறுதே?"

"அப்ப நிமிசத்துக்கு நிமிசம் விண்ணப்பிக்கணும். நாங்க மத்தியானம் சாப்பாட்டு நேரம் வாங்க மாட்டோம். அப்ப மட்டும் மாறாமப் பாத்துக்க."

"வேணாம் சார். இப்பவே கழட்டிர்றேன்."

பால்ராஜ் பதறிவிட்டார். "அய்யய்யோ! இருக்குன்னு நான் தணிக்கை எழுதிட்டேன். கழட்டுறதுக்கு அகற்றல் அனுமதி வேணும். அனுமதி இல்லாத பலகைக்கு அகற்றல் அனுமதி குடுக்க முடியாது. மொத மாட்டுறதுக்கு வாங்கு, பெறகு கழட்டுறதுக்கு வாங்கு."

"அப்ப அணைச்சு வச்சிர்றேன்."

"அணைச்சா அது வெறும் பெட்டி. வெறும் பெட்டியப் பலகைன்னு நான் எழுதுனதாகும். என் சர்வீஸ்ல கை வைக்கப் பாக்குறியா?"

கடைசியில் அவரே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். திரை எரிய வேண்டும். ஆனால் அதிலுள்ளது அசையக் கூடாது, மாறக் கூடாது, ஏறக் கூடாது, இறங்கக் கூடாது. அப்படியென்றால் ஒரே பலகை, ஒரே விண்ணப்பம். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும். எவ்வளவு காலம் இருக்கும் என்று கேட்டதற்கு, பரிசீலனைக்குக் காலம் கிடையாது என்று பெருமையாகச் சொன்னார்.

கிளம்பும்போது தட்டிலிருந்து இரண்டு போண்டாவை எடுத்துக்கொண்டார். சந்திரவல்லி விலை சொல்ல வாயெடுத்தாள்.

"பூஜ்யத்துல இருந்துதானம்மா ஆரம்பிக்குது? நான் அப்பவே கேட்டுட்டேன்," என்றார் பால்ராஜ்.

திரையில் அசையாமல் எதைப் போடுவது என்று மாரீஸ்வரன் மண்டையை உடைத்துக்கொண்டான். சந்திரவல்லி பேசாமல் போய்க் கழுவுமிடத்திலிருந்த சிலேட்டை எடுத்தாள். துடைத்தாள், எழுதினாள். "இதைப் போட்டோ புடிச்சு அதுல போடுங்க," என்றாள்.

போட்டான். பைக் விலைக்கு வாங்கிய திரையில், சந்திரவல்லியின் கோணல் எழுத்தில் ஒரு சிலேட்டு, ஓரத்தில் உடைந்த சில்லோடு, ஆள் உயரத்துக்கு ஜொலித்தது. மறுநாள் ராக்கு ஜீப்பில் உட்கார்ந்தபடியே அதை ஒரு நிமிசம் உற்றுப் பார்த்தாள். ஏறவில்லை. இறங்கவில்லை.

"வெல முடிஞ்சிருச்சு, எறங்குங்கடி!" என்றாள்.

பத்துக்குக் கிடைத்த போண்டாவை அன்றைக்குப் பெண்கள் ருசித்துத் தின்றார்கள். சந்திரவல்லி சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்த மாரீஸ்வரனுக்கு, அப்பாடா, கடை பிழைத்தது என்று மூச்சு வந்தது. அதே நேரம் போனும் வந்தது.

"மாரீஸ் ஜி, என்னங்க இது? நிற்கும் நேரம் தரைமட்டமாப் போச்சுங்க! ஒருத்தரும் நிக்கறதே இல்லீங்களே?"

"ஆமா சார். வந்ததும் வாங்கிட்டுப் போயிர்றாங்க."

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன். ஏனுங்க போக விடறீங்க?"

அன்று சாயங்காலமே அவனுடைய கூட்டாளிப் பதவி, அன்னாரது செயல்பாடு திருப்திகரமாக இல்லாமையால், ரத்து செய்யப்பட்டது. மாரீஸ்வரன் மீதிக் கார்டுகளைச் சந்திரவல்லியிடம் கொடுத்தான். போண்டாவுக்கு அடியில் வைத்துக் கொடுக்க அவை வாகாக இருந்தன, தங்க எழுத்தில் எண்ணெய் ஒட்டவில்லை. தள்ளிப்போட்ட சத்தியப்படி மறுநாளிலிருந்து கிளாஸ் கழுவினான். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகக் கழுவினான். தன் வாழ்க்கையில் தொடங்கிய முதல் நாளே பலன் தெரிந்த தொழில் இதுதான் என்று அவனுக்கே ஒரு சந்தோஷம்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லாரும் நல்லவர்களாக இருந்திருப்போம்.

கடைவீதி சும்மா இருக்குமா? சாம்பிள் பார்த்தாயிற்று. எதிர்க்கடைக்குப் போன ஜீப் திரும்பி வந்தது என்றால் அந்தத் திரையில் ஏதோ இருக்கிறது என்று பேச்சானது. சிலேட்டுதான் இருக்கிறது என்று சந்திரவல்லி தலையில் அடித்துச் சொன்னாள். "அதேதாம்மா எனக்கும் வேணும். சிலேட்டு டிவி," என்றார் இரும்புக்கடைக் கண்ணுச்சாமி. பலசரக்குக் கடைக்காரரும் கேட்டார். அன்னக்கொடி நேரில் வந்து கேட்டாள். அவள் கடையில் உண்மையான சிலேட்டே தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அது எரியாதாம்.

இந்த வாடை கோயம்புத்தூர் வரைக்கும் போய், ஒரு நாள் சிவக்குமாரே கோட்டோடு நேரில் வந்து இறங்கினார். கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த முன்னாள் கூட்டாளியைப் பார்த்து, "தம்பி, ஒரு டீ சொல்லுங்க," என்றார். நேரே சந்திரவல்லியிடம் போய்க் கும்பிட்டார்.

"வல்லி ஜி, நீங்க கண்டுபுடிச்சதைத்தானுங்க இப்ப நாங்க 'பாரம்பரியச் சிலேட்டு வடிவம்'னு கொண்டு வந்திருக்கறோம். அதுக்கு இந்த மலைப்பக்கம் பூராவும் நீங்கதானுங்க தலைமை."

கார்டை நீட்டினார். தங்க எழுத்து. சந்திரவல்லி கையைச் சேலையில் இரண்டு முறை துடைத்துவிட்டு வாங்கினாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். "சந்திரவல்லி. மண்டல வளர்ச்சித் தலைவி." இன்னொரு தடவை விரலை வைத்து வாசித்தாள். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அவள் பெயர் அச்சில் வந்தது இப்போதுதான். அதிலும் அவள் பெயருக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை.

மாரீஸ்வரன் ஈரக்கையோடு பார்த்துக்கொண்டு நின்றான். வேண்டாம் வல்லி என்று தொண்டை வரைக்கும் வந்தது. அந்தத் தங்க எழுத்தின் ருசி இந்த ஊரிலேயே அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்தான்.

"நல்லாருக்கு," என்றான்.

புது வடிவத்தில் ஒரு விசேஷம் இருந்தது. திரையில் சிலேட்டு வரும். ஒரு கை வந்து சாக்பீசால் விலையை எழுதும். பிறகு அதே கை துணியால் அழிக்கும். மறுபடி எழுதும், மறுபடி அழிக்கும். ஆளை நிற்க வைக்க வேண்டுமே. பரிசீலனை என்ன ஆகும் என்று கேட்டபோது, பால்ராஜ் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் காட்டினார். அலுவலகங்களுக்கான வளர்ச்சி ஆலோசகர் அவர்தானாம். எழுதுகிற கை அசைகிறதே தவிரப் பலகை அசையவில்லை என்று விதிக்கு விளக்கமும் கிடைத்துவிட்டது.

சந்திரவல்லி கடையை மாரீஸ்வரனிடம் விட்டுவிட்டு அதிகாலை ஜீப்பில் மலையேற ஆரம்பித்தாள். போடிமெட்டு, குரங்கணி என்று கடை கடையாகப் போனாள். சாம்பிள் இல்லாமல் நம்ம ஆட்களிடம் பேச முடியாதே, அதனால் அந்தப் பழைய சிலேட்டைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். தலைவியின் கடைத் திரையில் பழைய சிலேட்டுப் போட்டோ இருக்கலாமா? கூடாது என்று கம்பெனியே புது வடிவத்தை ஏற்றிவிட்டது. அன்னக்கொடி கடையிலும் அதே திரை, அதே கை. அவளுடைய சிலேட்டை அடுக்களையில் குழம்புச் சட்டிக்கு மூடியாக வைத்துவிட்டாளாம்.

"வல்லி," என்றான் மாரீஸ்வரன் ஒரு நாள், அவள் ஜீப்பில் ஏறப்போகும்போது. "கடைய மட்டும் தொடாம விட்டுரலாமே."

"நின்னு பாக்குறவங்க வாங்குவாங்கங்க," என்றாள் அவள். "வெரசா கிளாஸக் கழுவி வைங்க, சனம் வரும்."

கழுவி வைத்தான். வரிசையாகக் கவிழ்த்து வைத்தான். அடுத்த ஜீப் வந்தது, ராக்கு இறங்கினாள். திரையில் கை போண்டா விலையை எழுதியது, அழித்தது. எதிர்ச்சாரியில் அன்னக்கொடி திரையிலும் எழுதியது, அழித்தது.

"ராக்கு, போண்டா பத்துதாம்மா. நாஞ் சொல்றேன்ல?"

"நீங்க சொல்லி நான் நம்பலாம்ணே. அது சொல்ல மாட்டேங்குதே." ராக்கு இந்தக் கடையைப் பார்த்தாள், எதிர்க்கடையைப் பார்த்தாள். பிறகு ஜீப்புக்குள்ளிருந்து பெரிய பிளாஸ்க் ஒன்றை எடுத்தாள். பெண்கள் கடை வாசலிலேயே சுற்றி உட்கார்ந்து, வீட்டிலிருந்து போட்டுக் கொண்டுவந்த டீயை ஊற்றிக் குடித்தார்கள். மாரீஸ்வரனுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். கவிழ்த்து வைத்த கிளாஸ் எல்லாம் அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. கழுவுவதற்கு இனி ஒன்றும் இல்லை.

குடித்து முடித்ததும் ராக்கு இடுப்பிலிருந்து சுருக்குப்பையை அவிழ்த்தாள். சில்லறை எடுக்கப்போகிறாள் என்று அவன் ஆசையாக எழுந்தான். எடுத்தது ஒரு கார்டு. தங்க எழுத்து. 'ராக்கு, தோட்டப் பகுதி வளர்ச்சிக் கூட்டாளி.'

"மதினிதாண்ணே சேத்துவிட்டாங்க. ஜீப்புல எல்லாருமே இப்பக் கூட்டாளிதான், சுருளி அண்ணன் உட்பட. தோட்டத்துல எங்கள விட்டா ஆள் யாரும் இல்ல. அதான் விக்கிறதுக்குக் கீழ யாராச்சும் கெடைப்பாங்களான்னு பாக்குறோம்." கார்டை அவன் ஈரக்கையில் வைத்தாள். "ஒரு அஞ்சு நிமிசம் நின்னு கேளுங்கண்ணே."

சுருளி ஆரன் அடிக்கவில்லை. அவரும் கார்டை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். மாரீஸ்வரன் நின்றான். திரைக்கு மேலிருந்த சின்னக் கண் பச்சையாக மின்னி அவனைக் கணக்கில் ஏற்றிக்கொண்டது. இவ்வளவு நேரம் ஒரு டீ கூட வாங்காமல் நின்று கேட்ட உங்களையும் சேர்த்துத்தான் ஏற்றியிருக்கும். கம்பெனியில் அன்றைக்கு நம்ம ஊர்தான் முதலிடமாம்.